அந்தக் கால்புள்ளி யாருடையது?

அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு விதி உண்டு. மேற்கோள் முடிகிற இடத்தில் கால்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வந்தால் அது மேற்கோள் குறிக்கு உள்ளேதான் நிற்கவேண்டும். அந்தப் புள்ளியை வைத்தது யார், மேற்கோளுக்குள் இருப்பவரா, மேற்கோள் காட்டுகிறவரா என்ற கேள்வியே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே. பிரிட்டிஷ் வழக்கம் வேறு மாதிரி. புள்ளி அடுத்தவருடையது என்றால் உள்ளே, நம்முடையது என்றால் வெளியே.

அமெரிக்க விதி தவறு என்பது என் கட்சி. "அது ஒரு ஸ்டைல், இது ஒரு ஸ்டைல், ரெண்டும் சரிதான் பாஸ்" என்று சமாதானம் பேசுகிறவர்களோடுதான் என் சண்டையே. ரெண்டும் சரி இல்லை. ஒன்று உண்மை சொல்கிறது, இன்னொன்று அழகுக்காகச் சின்னதாக ஒரு பொய் சொல்கிறது. சின்னப் பொய்தான். ஆனால் எங்கே நின்று அந்தப் பொய்யைச் சொல்கிறது என்று பாருங்கள். "இங்கிருந்து இதுவரை என் சொல் இல்லை, அடுத்தவர் சொல்" என்று சத்தியம் செய்வதற்காகவே இருக்கிற ஒரு குறிக்குள் நின்றுகொண்டு சொல்கிறது.

ஒருத்தி மேசைமேல் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். சீட்டின் கடைசிச் சொல் 'லீவிங்'. அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்தாளா? வைத்திருந்தால் யோசித்து முடித்த வாக்கியம் அது. வைக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து போயிருக்கிறாள், அல்லது யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள், அல்லது இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. கதையே வேறு. இப்போது அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள்: த லாஸ்ட் வேர்ட் வாஸ் "லீவிங்". புள்ளி வெளியே நிற்கிறது. அது என் வாக்கியத்தின் புள்ளி, அவளுடையது இல்லை. அமெரிக்கக் கையேட்டைப் படித்த பிழைதிருத்துநர் இதைப் பார்த்த மறுநொடி செய்வது இது: த லாஸ்ட் வேர்ட் வாஸ் "லீவிங்." இப்போது அந்தப் புள்ளி யாருடையது? அவள் வைத்ததா, நான் வைத்ததா, பிழைதிருத்துநர் தள்ளியதா? வாசகருக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

"ஒரு புள்ளிக்கு இவ்வளவு கலாட்டாவா?" என்று கேட்பீர்கள். கேட்கலாம். ஆனால் அந்த விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் அமெரிக்கர்களும் நியாயத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். கேள்வி அடுத்தவருடையது என்றால் உள்ளே, நம்முடையது என்றால் வெளியே. அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் எப்போதும் வெளியே. மிச்சம் இருக்கும் ரெண்டே ரெண்டு புள்ளிகளுக்கு மட்டும் நியாயம் செல்லாது! ஏன்? வெளியே நின்றால் பார்க்க நன்றாக இல்லையாம். மேலே தொங்கும் மேற்கோள் குறிக்கும் கீழே உட்கார்ந்திருக்கும் புள்ளிக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை இடம் விழுகிறதாம். ஈய அச்சுக் காலத்தில் வரியின் ஓரத்தில் நின்ற சின்னப் புள்ளி அச்சு உடைந்துவிடும் என்று உள்ளே தள்ளினார்கள் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே இருக்கட்டும். உண்மை என்றாலும் அது ஈயத்தின் பிரச்சினை. ஈயம் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, விதி மட்டும் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சண்டை நான் தொடங்கியது இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அச்சகத்தின் ஹொரேஸ் ஹார்ட் தன் அச்சுக்கோப்பாளர்களுக்கு எழுதிய கையேடு 1904இல் பொதுவிற்பனைக்கு வந்தபோதே புள்ளிகளைப் பொருளைப் பார்த்து வைக்கச் சொன்னது. 1906இல் ஃபௌலர் சகோதரர்கள் தங்கள் 'த கிங்ஸ் இங்கிலீஷ்' நூலில் இரண்டு கட்சிகளையும் எதிரெதிரே நிறுத்தி, தர்க்கத்தின் பக்கம் நின்றார்கள். 1984இல் ஜெஃப்ரி புல்லம் என்ற மொழியியலாளர், பிழைதிருத்துநர்கள் புள்ளியை உள்ளே தள்ளி உண்மையான கூற்றைப் பொய்யான கூற்றாக்குகிறார்கள் என்று ஆய்விதழிலேயே வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். அமெரிக்க மொழியியல் சங்கத்தின் இதழ் தன் நாட்டு வழக்கத்தை மீறிப் புள்ளியை வெளியே வைக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவும் அப்படித்தான். மொழியைத் தொழிலாக ஆராய்கிறவர்கள் ஒரு பக்கம், பக்கம் அழகாக இருக்கவேண்டும் என்பவர்கள் மறுபக்கம். இதில் அழகு ஜெயித்துக்கொண்டே இருப்பதுதான் எரிச்சல்.

எனக்குப் பிடித்த வேடிக்கை அமெரிக்க வக்கீல்கள். அவர்களுடைய மேற்கோள் ஒழுக்கம் கடுமையானது. மூலத்தில் சின்ன எழுத்தாக இருப்பதைப் பெரிய எழுத்தாக மாற்றினால்கூட அந்த ஒரு எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போடவேண்டும், 'இதை மாற்றியது நான்' என்று. சொல்லை விட்டால் மூன்று புள்ளி. அவ்வளவு கறார். அதே வக்கீல் அதே வரியின் முடிவில், மூலத்தில் இல்லாத ஒரு கால்புள்ளியை, அடைப்பு இல்லாமல், சத்தமில்லாமல் உள்ளே நுழைத்துவிட்டுப் போவார். கேட்டால் விதி என்பார்.

எங்கள் தொழிலில் இந்த விளையாட்டு நடக்காது. நிரல் எழுதுகிறவனுக்கு மேற்கோள் குறி என்றால் எல்லைக்கல். உள்ளே இருப்பது ஸ்ட்ரிங். அதை மெஷின் தொடாது, அப்படியே எடுத்துக்கொள்ளும். வெளியே இருப்பது கட்டளை. உள்ளே ஒரு புள்ளி கூடினால் அது வேறு ஸ்ட்ரிங். பழைய ஹேக்கர் அகராதியான ஜார்கன் ஃபைலில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. விஐ எடிட்டரில் 'டி' விசையை இரண்டு முறை அழுத்தினால் ஒரு வரி அழியும். முற்றுப்புள்ளியை அழுத்தினால், கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பச் செய்யும். ஆக, ஒரு வரியை அழிக்க "டிடி" என்று தட்டு என்பதை அமெரிக்க முறையில் எழுதி, புள்ளியை மேற்கோளுக்குள் தள்ளினால், சொன்னபடி கேட்கிற அப்பாவி இரண்டு வரியை அழித்துவிடுவான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த ஆவணத்தில் தற்காலிகப் பாஸ்வேர்டு மேற்கோளுக்குள் இருந்தது. அழகாகத் திருத்தப்பட்ட ஆவணம், வாக்கியத்தின் முற்றுப்புள்ளியும் மேற்கோளுக்குள். இரவுப் பணியில் இருந்த பையன் புள்ளியோடு தட்டினான். ஐந்து முறை தட்டினான். கணக்கு பூட்டிக்கொண்டது. அவன்மீது ஒரு குற்றமும் இல்லை. 'இது பாஸ்வேர்டு' என்று குறி சொன்னதை நம்பினான். மறுநாள் கூட்டத்தில் "யூசர் எரர்" என்று எழுதினார்கள்.

இப்படிப்பட்ட கூத்துகளால் அமெரிக்கக் கையேடுகளே கணினி எழுத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கின்றன. கட்டளை, கோப்புப் பெயர் இதெல்லாம் என்றால் புள்ளியை வெளியே வைத்துக்கொள்ளலாமாம். நன்றி. அதாவது, மெஷின் படிக்கப்போகும் சொல்லில் கைவைக்கக்கூடாது, மனுஷன் பேசிய சொல்லில் வைக்கலாம். மெஷினுக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷனுக்கும் கொடுங்கள் என்பதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் குறி பிறந்ததே 'யார் சொல்' என்று காட்டத்தான் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். பழைய கிரேக்கச் சுவடிகளில் ஓரத்தில் ஆப்பு மாதிரி ஒரு குறி போடுவார்கள், டிப்ளே என்று பெயர். முதலில் அது 'இந்த வரியைக் கவனி' என்பதற்கு. பிறகு கிறிஸ்தவ எழுத்தர்கள் அதை விவிலிய வசனங்களைப் பிரித்துக்காட்டப் பயன்படுத்தினார்கள்; ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர் இதைப் பதிவு செய்திருக்கிறார். உரைகாரன் சொல் எது, வேதத்தின் சொல் எது என்று குழம்பக்கூடாது இல்லையா. ஓரத்தில் கிடந்த குறி வரிக்குள் ஏறி, நாவல்கள் பெருகிய 18ஆம் நூற்றாண்டில் திறப்பும் மூடலுமாக ஜோடி சேர்ந்தது. அப்போதும் மேற்கோள் நீண்டால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் குறி போட்டுக்கொண்டே போனார்கள். பல பத்தி நீளும் மேற்கோளில் ஒவ்வொரு பத்தியும் திறப்புக்குறியோடு தொடங்குகிறதே, அது அந்த வழக்கத்தின் மிச்சம்.

இனி நம் பக்கம் வருகிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் இந்தக் குறியின் எந்தப் பாதி முக்கியம் என்பது தமிழிலிருந்து பார்த்தால்தான் பளிச்சென்று தெரிகிறது.

ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஷீ செட்' முதலில் வரும், பேச்சு பிறகு வரும். பேச்சு தொடங்கும் இடம் குறி இல்லாமலேயே தெரிந்துவிடுகிறது. தெரியாதது, முடியும் இடம். ஷீ செட் ஐ ஆம் டயர்ட் அண்ட் தென் த லைட்ஸ் வென்ட் அவுட். விளக்கு அணைந்ததை அவள் சொன்னாளா, அவள் சொன்ன பிறகு விளக்கு அணைந்ததா? மூடும் குறி இல்லாமல் சொல்லவே முடியாது.

தமிழில் தலைகீழ். நமக்கு 'என்று' இருக்கிறது, பேச்சில் 'ன்னு'. "களைப்பா இருக்குன்னு சொன்னா, அப்புறம் விளக்கு அணைஞ்சிருச்சு." இதில் குழப்பமே இல்லை. 'ன்னு' வந்ததும் கதவு சாத்தியாகிவிட்டது. எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகலாம்: "அவன் வரமாட்டான்னு அவ சொன்னான்னு இவன் சொல்றான்." ஒவ்வொரு 'ன்னு'வும் ஓர் அடைப்பை மூடுகிறது, நிரலில் மூடும் அடைப்புகள் வரிசையாக வந்து நிற்பதுபோல. தமிழுக்குத் தெரியாதது தொடங்கும் இடம். "நேத்து மதுரைக்குப் போனேன்னு சொன்னான்." நேற்று போனானா, நேற்று சொன்னானா? திறக்கும் குறி இருந்தால்தான் தெரியும்.

அதாவது தமிழுக்குத் திறப்பு முக்கியம், ஆங்கிலத்துக்கு மூடல் முக்கியம். ஆங்கிலத்தில் மேற்கோள் குறி செய்யும் வேலையில் பாதிக்கு மேல் அந்த மூடும் குறியின் தலையில் இருக்கிறது. 'இதோடு அவர் பேச்சு முடிந்தது, இனி நான்' என்று சொல்லும் ஒரே ஆள் அது. அமெரிக்க விதி சரியாக அந்த ஆளைத்தான் பிடித்து ஓரடி தள்ளி நிறுத்துகிறது. வீட்டில் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறதோ அதைத் தேடிப் பார்த்து இடித்து ஜன்னல் வைப்பது மாதிரி.

தமிழில் இன்னொரு சொத்தும் இருக்கிறது, 'ஆம்'. "வந்தான்" என்றால் நான் பார்த்தேன். "வந்தானாம்" என்றால் எனக்கு யாரோ சொன்னார்கள், பொறுப்பு என்னுடையது இல்லை. ஒரே ஓர் அசையில் பொறுப்பு கைமாறிவிடுகிறது. தொல்காப்பியமே 'என்ப', 'மொழிப' என்று முன்னோர் சொன்னது இது, நான் சொன்னது இல்லை என்று அடையாளம் காட்டிக்கொண்டே போகும் நூல். சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. குறி செய்யவேண்டியதை வினைச்சொல்லே செய்தது. இப்படி ஒரு மொழியில் வளர்ந்தவர்கள் நாம். யார் சொன்னது என்பதில் நம் காது கூர்மையானது. பள்ளியில் ஆங்கிலம் கற்கப் போனதும் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்றுப் பயிற்சி நினைவிருக்கிறதா? மேற்கோளை எடு, 'தட்' போடு, காலத்தை ஒருபடி பின்னால் தள்ளு, 'டுடே' என்பதை 'தட் டே' ஆக்கு. ரெண்டு மார்க். நேர்க்கூற்று என்றால் ஒரு வாக்குறுதி, அயற்கூற்று என்றால் அந்த வாக்குறுதியிலிருந்து விலகி நிற்பது என்று எந்த வகுப்பிலும் ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டும் ஒரே பொருள், உருவம்தான் வேறு என்பதுபோல ஆயிரம் வாக்கியம் மாற்றினோம். விளைவு, நன்றாக ஆங்கிலம் எழுதும் நம் ஆட்கள்கூட மேற்கோள் குறியை ஓர் அலங்காரமாக நினைக்கிறார்கள். கடைப் பலகையில் "சுத்தமான" நெய் என்று மேற்கோளுக்குள் போடுகிறவர் அழுத்தம் கொடுப்பதாக நினைக்கிறார். குறியின் பாஷையில் அவர் சொல்வது: சுத்தம் என்பது என் சொல் இல்லை, யாரோ அப்படிச் சொல்கிறார்கள். தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் 1956இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த விலகல் குறிக்கு 'ஸ்கேர் கோட்ஸ்' என்று பெயர் வைத்தார். நெய்க்கடைக்காரருக்கு அது தெரிய வேண்டியதில்லை. வெட்டி ஒட்டும் இன்ஸ்டாகிராம் மேற்கோள்காரர்களுக்குத் தெரியவேண்டும்.

நாவலாசிரியர்களை விட்டுவிடுங்கள். கார்மக் மெக்கார்த்தியோ சாலி ரூனியோ குறியே போடாமல் எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே எல்லோர் பேச்சையும் எழுதியது ஒரே ஆள்தான் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. என் பேச்சு முழுக்க, உண்மையில் இருந்த மனிதர்கள் உண்மையில் சொன்ன சொற்களைப் பற்றி.

கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசும்போதெல்லாம் வோல்டேர் பெயரில் ஒரு வாசகம் வரும். எதிராளி சொல்வதை ஏற்காவிட்டாலும் அதைச் சொல்லும் அவன் உரிமைக்காக உயிர்வரை நிற்பேன் என்ற பொருளில். வோல்டேர் அதை எழுதவில்லை. ஈவ்லின் பியட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண் எஸ். ஜி. டாலன்டைர் என்ற புனைபெயரில் 1906இல் எழுதிய 'த ஃபிரெண்ட்ஸ் ஆஃப் வோல்டேர்' என்ற நூலில் இருக்கிறது. வோல்டேரின் மனப்பான்மை இப்படி இருந்தது என்று சுருக்கிச் சொல்ல வந்தவர், அந்தச் சுருக்கத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டார். 1939இல் எழுதிய ஒரு கடிதத்தில், அது தன்னுடைய சொற்கள்தான், மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கக் கூடாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் முப்பத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார், வாக்கியமும் அருமையான வாக்கியம். இரண்டு குறிகள் மட்டும் தப்பு. அந்த இரண்டு குறிகளால் ஒரு பெண் எழுதிய மிகச் சிறந்த வரி அவள் பெயரில் இல்லாமல் போனது, எழுதாத ஆணின் பெயரில் டீ-ஷர்ட்டில் ஓடுகிறது.

"சரி, மேற்கோள் என்றால் ஒரு எழுத்தும் மாறக்கூடாது என்கிறீர்களா? பேட்டியில் வரும் 'ம்ம்', 'அது வந்து' எல்லாவற்றையும் அச்சடிப்பீர்களா?" நியாயமான கேள்வி. இது நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஜேனட் மால்கம் 1983இல் நியூயார்க்கர் பத்திரிகையில் ஜெஃப்ரி மாசன் என்பவரைப் பற்றி எழுதினார். மாசன் ஃப்ராய்டு ஆவணக் காப்பகத்தில் பொறுப்பில் இருந்து வெளியேற்றப்பட்டவர். நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒலிநாடாவில் பதிவான பேட்டி. கட்டுரையில் மாசன் தன்னை ஓர் 'அறிவுலக ஜிகோலோ' என்று சொல்லிக்கொள்வதுபோல ஒரு மேற்கோள். நாடாவில் அந்தச் சொல் இல்லை. மாசன் வழக்குப் போட்டார். ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், நாடாவில் அவர் சொன்னதற்கு இது நியாயமான ஒரு விளக்கம்தான் என்று பத்திரிகை பக்கம் நின்றது. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விளக்கம் சொல்வதென்றால் உன் சொந்தக் குரலில் சொல், மேற்கோள் குறிக்குள் போட்டால் வாசகர் அதை அவரே சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார் என்பது தீர்ப்பின் சாரம். அதே சமயம், ஒரு சொல் மாறினாலே பொய் என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. பொருள் கணிசமாக மாறினால்தான் பொய். கடைசியில் 1994இல் நடுவர்கள் மால்கம் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அதற்கு அடுத்த வருடம், காணாமல் போயிருந்த தன் குறிப்பேடு வீட்டில் கிடைத்துவிட்டதாகவும், சர்ச்சைக்குரிய வாசகங்கள் சில அதில் இருப்பதாகவும் மால்கம் அறிவித்தது தனி நாவல்.

சட்டத்துக்கு அந்த அளவு போதும். அவதூறு வழக்கில் நஷ்டஈடு கேட்பதற்கான அளவுகோல் அது. எழுதுகிறவனுக்கு அது போதாது. 'ம்ம்' என்பதை விடலாம். மூன்று புள்ளி வைத்து வாக்கியத்தையே விடலாம். ஒரு சொல்லைச் சேர்க்கவேண்டுமானால் சதுர அடைப்பு இருக்கிறது. ஆங்கிலம் இதற்கெல்லாம் கருவிகள் செய்து வைத்திருக்கிறது, இலவசம். கருவியைத் தொடாமல் கையை உள்ளே விடுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கால்புள்ளியிலிருந்து கட்டிவிட்ட பேட்டிக்கு நேராகச் சாலை போகிறது என்று சொல்லமாட்டேன், அது மிகை. ஆனால் ரெண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலிக்குள் காலை வைக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது?

இந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே உறைப்பது கடற்கரையில். நம் ஊர் ஆங்கிலச் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீனவர், ஒரு தூய்மைப் பணியாளர், வெள்ளத்தில் வீடு போன ஓர் அம்மா. தமிழில் பேசியிருப்பார்கள். அச்சில் மேற்கோள் குறிக்குள் சரளமான ஆங்கிலம் இருக்கும். தமிழில் சொன்னார் என்று பல சமயம் ஒரு சொல்கூட இருக்காது. நானே ஓர் உதாரணம் கட்டுகிறேன். நிருபரிடம் அவர் சொன்னது: "கடல் வீட்டுக்குள்ள வருது, எங்க போறது?" அச்சில் வருவது: "த ரெலென்ட்லெஸ் ஈரோஷன் ஆஃப் அவர் கோஸ்ட்லைன் ஹாஸ் லெஃப்ட் அவர் கம்யூனிட்டி வித் நோ ஆல்டர்நேட்டிவ் ஹாபிட்டேஷன்," ஹீ செட். கால்புள்ளி உள்ளே, விதிப்படி. அந்த மேற்கோளுக்குள் இருப்பதில் அவருடையது ஒன்றும் இல்லை, கால்புள்ளி உள்பட.

மொழிபெயர்ப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. மொழிபெயர்த்த பேச்சுக்கும் மேற்கோள் குறி போடும் வழக்கம் உலகம் முழுக்க உண்டு, தமிழ்ப் பத்திரிகைகளும் அமெரிக்க அதிபரைத் தமிழில் பேசவைக்கின்றன. அதிபர் கவலைப்பட மாட்டார். அவருடைய ஒரிஜினல் ஆயிரம் இடத்தில் காணொளியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மீனவருடைய ஒரிஜினல் நிருபரின் போனில் இருக்கிறது, அல்லது எங்கேயும் இல்லை. அவர் அந்த ஆங்கிலச் செய்தியைப் படிக்கப்போவது இல்லை. 'நான் இப்படிச் சொல்லலையே' என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. ஆங்கிலத்தில் பேசும் அமைச்சருக்கு அச்சு அசல் மேற்கோள், பிசகினால் அலுவலகத்திலிருந்து போன் வரும். மீனவருக்கு நிருபரின் ஆங்கிலம். ஒரே செய்தி, ஒரே குறி, ரெண்டு வாக்குறுதி. அவருடைய கேள்வி அறிக்கையாக மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? அவர் "எங்க போறது" என்று கேட்டார், பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். அச்சில் அவர் நிலவரம் சொல்கிறார், யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. நிருபர் திருடன் இல்லை. அவசரம், எட்டு மணிக்குள் கொடுக்கவேண்டும், மேற்கோள் இருந்தால்தான் செய்தி உயிரோடு இருக்கும் என்று மேசையில் சொல்லியிருக்கிறார்கள்.

வழி இருக்கிறது, புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவருடைய சொல் கையில் இல்லையா, மேற்கோளை எடுத்துவிட்டு அயற்கூற்றில் எழுதுங்கள். ஆறாம் வகுப்பில் ரெண்டு மார்க்குக்காகச் செய்த பயிற்சி இதற்குத்தான் பிறந்தது: சொல் எனக்குத் தெரியாது, சாரம் தெரியும், பொறுப்பு என்னுடையது. சொல் கையில் இருக்கிறதா, தமிழில் சொன்னார் என்று ஒரு சொல் சேருங்கள். இன்னும் நன்றாகச் செய்ய மனசு இருந்தால் அவர் சொன்ன தமிழையே ஆங்கில எழுத்தில் ஒருமுறை அச்சிட்டு, பக்கத்தில் பொருள் கொடுங்கள். இடம் இல்லை என்பார்கள். அவர் பேசியது ஐந்து சொல். அச்சில் போட்டது பதினான்கு.